ஊட்டி பிலிம் பேக்டரி வளாகத்தை என்ன செய்யலாம்? லண்டன் கால்வாய்க்கரைப் படங்களைப் பார்த்ததும் வந்த யோசனை

இந்துநகர்ப் பையன் | சனி, காலை 7:40

எல்லோருக்கும் வணக்கம். நான் இந்து நகர்க் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். அப்பா, இப்போது மூடிக் கிடக்கும் பிலிம் பேக்டரியில் வேலை பார்த்தார். இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்று முழுப்பெயர் சொன்னால் ஊட்டியில் பாதிப் பேர் யோசிப்பார்கள், பிலிம் பேக்டரி என்றால் ஆட்டோக்காரர் நேரே கொண்டுபோய் விடுவார். இப்போது கோவையில் இருக்கிறேன். மாதம் ஒருமுறை மேலே வரும்போது கேட் பக்கம் வண்டியை ஓரங்கட்டி ஐந்து நிமிடம் நிற்பது பழக்கமாகிவிட்டது.

போன வாரம் அக்கா லண்டனிலிருந்து கொஞ்சம் படங்கள் அனுப்பினாள். கிங்ஸ் கிராஸ் என்ற இடம். 1820-ல் வெட்டி முடித்த ரீஜன்ட்ஸ் கால்வாய் அதன் ஓரமாகப் போகிறது. ஒரு காலத்தில் முழுக்க நிலக்கரி, தானியம், காஸ் என்று கரியும் புகையுமாக இருந்த இடம். 1852-ல் கட்டிய தானியக் கிடங்கில் 2011 முதல் ஒரு கலைக் கல்லூரி நடக்கிறது. ரயில் வேகனிலிருந்து நிலக்கரி கொட்டிய நீளக் கட்டடங்கள் 2018-ல் கடைவீதியாகிவிட்டன. பெரிய காஸ் தொட்டிகளின் இரும்பு வளையங்களைக் கூடக் கழற்றி, யார்க்‌ஷயருக்கு அனுப்பிச் சரிபார்த்து, திரும்பக் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். ஒரு வளையத்துக்குள் புல்தரை, மூன்று வளையங்களுக்குள் அடுக்குமாடி வீடுகள். கால்வாயை நோக்கி இறங்கும் அகலமான படிகளில் ஜனங்கள் சும்மா உட்கார்ந்து வெயில் காய்கிறார்கள்.

மொத்தம் 67 ஏக்கர்தான். நம்முடைய வளாகம் அதைவிடப் பெரியது. அதைப் பார்த்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. நம் பேக்டரியை இப்படி ஏதாவது செய்ய முடியாதா? சட்டச் சிக்கலை அப்புறம் பேசலாம். முதலில் என்ன வரலாம் என்று சொல்லுங்கள்.

கேத்தி காரட் | சனி, காலை 8:15

கால்வாய்க்கரைன்னதும் சிரிப்பு வந்துடுச்சுங்க. ஊட்டியில இருக்கிற ஒரே கால்வாய் கோடப்பமந்து கால்வாய். அதன் கரையில் படிக்கட்டு கட்டி வெயில் காயப் போறீங்களா? மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் காயணும்.

நாங்க காரட் மூட்டையோட மார்க்கெட்டுக்கு வர்றப்ப தினமும் அதைத் தாண்டித்தான் போறோம். ஊர்ச் சாக்கடை, பிளாஸ்டிக், கடைக்கழிவு எல்லாம் அதில் விழுந்து நேரே ஏரிக்குப் போகுது. முதல்ல அதைச் சரி பண்ணுங்க, அப்புறம் லண்டன் பேசலாம்.

இந்துநகர்ப் பையன் | சனி, காலை 8:31

அண்ணா, அது வேறு இது வேறு. பேக்டரி ஊருக்கு வெளியே கூடலூர் ரோட்டில் இருக்கிறது. கோடப்பமந்து கால்வாய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

காந்தல் அக்கா | சனி, காலை 9:02

சம்பந்தம் இருக்கிறது தம்பி. தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள். கோடப்பமந்து கால்வாய் ஏரியில் கலக்கிறது. ஏரி நிறைந்தால் உபரித் தண்ணீர் எங்கள் காந்தல் பக்கமாக இறங்கி சாண்டிநல்லா நீர்த்தேக்கத்துக்குப் போகும், அதாவது காமராஜ் சாகர் அணை. இந்து நகர்ச் சரிவில் பெய்யும் மழையும் கடைசியில் அந்தப் பக்கம்தான். அங்கிருந்து சீகூர் ஆறு, மாயாறு, பவானிசாகர். கோபிக்காரர்கள் வயலுக்குப் பாய்ச்சுவது நாம் கழுவிவிட்டதைத்தான்.

இன்னொன்று. ஏரியே வெள்ளைக்காரக் கலெக்டர் சல்லிவன் காலத்தில், 1820-களில், ஓடையை மறித்து உண்டாக்கியது. முன்பு இன்னும் பெரிதாக இருந்தது. இன்றைய பஸ் ஸ்டாண்ட், மார்க்கெட் பக்கம், ரேஸ் கோர்ஸ் எல்லாம் அந்தப் பழைய ஏரிப் படுகையில்தான் உட்கார்ந்திருக்கின்றன. பலத்த மழைக்கு அங்கே தண்ணீர் நிற்கும்போது "வெள்ளம் வந்துவிட்டது" என்கிறோம். வந்தது நாம்தான்.

ஃபிங்கர்போஸ்ட் | சனி, காலை 10:20

என் பதில் ஒரே வரி: ஐடி பார்க்.

கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். என் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர் இன்ஜினியரிங் முடித்தோம். இன்று ஊட்டியில் இருப்பது மூன்று பேர். ஒருவன் ஹோம்ஸ்டே நடத்துகிறான், ஒருத்தி பள்ளிக்கூட டீச்சர், மூன்றாவது நான், வீட்டிலிருந்து வேலை. அதுவும் கரண்ட் போனால் லீவு. கால்வாய்க்கரை, கலைக் கூடம் எல்லாம் வெளியிலிருந்து வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ள நன்றாக இருக்கும். இங்கே இருக்கிறவனுக்குச் சம்பளம் வேண்டும். அந்த பேக்டரி கட்டியதே சம்பளம் கொடுக்கத்தானே?

இருட்டறை | சனி, மதியம் 12:48

நான் அந்த பேக்டரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். போனில் தட்டச்சு செய்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் ஒரு விஷயம். ஏன் ஊட்டியில் பிலிம் பேக்டரி வைத்தார்கள் என்று இப்போதைய பிள்ளைகள் கேட்கிறார்கள். தூசி இல்லாத காற்று, குளிர், நல்ல தண்ணீர். இந்த மூன்றுக்காகத்தான். வெள்ளி நைட்ரேட்டையும் புரோமைடு உப்பையும் ஜெலட்டினில் கலந்தால் வெளிச்சம் பட்டதும் மாறும் ஒரு கூழ் கிடைக்கும். எமல்ஷன் என்போம். அதை மெல்லிய பிளாஸ்டிக் தாளின் மேல் ஒரே சீராகப் பூசி, குளிரவைத்து உறையச் செய்து, பிறகு உலர்த்த வேண்டும். அப்போது ஒரு தூசி விழுந்தாலும் எக்ஸ்ரேயில் அது ஒரு புள்ளி. டாக்டர் அதை நுரையீரலில் ஏதோ என்று நினைத்துவிட்டால்? சமவெளியில் அவ்வளவு குளிர்ச்சியை அந்தக் காலத்தில் காசு கொடுத்து வாங்க வேண்டும், இங்கே சும்மா கிடைத்தது.

1960-ல் கம்பெனி, 1967-ல் உற்பத்தி. பிரெஞ்சுக்காரர்களின் தொழில்நுட்பம். எக்ஸ்ரே பிலிம், கறுப்பு வெள்ளை சினிமா பிலிம், போட்டோ பேப்பர். பெட்டியின் மேல் "இந்து" என்று போட்டிருக்கும். இந்து என்றால் நிலா. பேட்டைக்கும் அந்தப் பெயரே வந்துவிட்டது.

வேலை பெரும்பாலும் இருட்டில். எக்ஸ்ரே பிலிமுக்காவது மங்கலாக ஒரு சிவப்பு விளக்கு தாங்கும். எல்லா நிறத்தையும் உணரும் பிலிம் என்றால் அதுவும் கூடாது, கண்ணைத் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் ஒன்றுதான். எதிரே ஆள் வந்தால் தெரிய வேண்டுமே, அதனால் வாயால் ஏதாவது சத்தம் கொடுத்துக்கொண்டே நடப்போம். எனக்கு எம்ஜிஆர் பாட்டு. ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் மூடுபனி கூட வெயிலாகக் கூசும். வீட்டில் இன்றும் ராத்திரி லைட் போடாமல்தான் நடக்கிறேன், வீட்டுக்காரம்மா திட்டுவாள்.

ஆக, தம்பிமார்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். முக்கியமான கட்டடங்களுக்கு ஜன்னல் கிடையாது.

இந்துநகர்ப் பையன் | சனி, மதியம் 1:05

மாமா! நீங்கள் யார் என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டுக்கு ரெண்டு லைன் தள்ளி, முன்னால் பேரி மரம் நிற்குமே?

இருட்டறை | சனி, மதியம் 1:30

நீயாடா அது. அந்த மரத்தில் காயாக இருக்கும்போதே பறித்துத் தின்றவன் நீதானே. அப்பா எப்படி இருக்கிறார்?

மட்டப்பலகை | சனி, மாலை 4:10

கட்டட வேலையில் இருப்பவள், குன்னூர். ஐயா சொன்ன ஜன்னல் விஷயம் இந்த இழையிலேயே மிக முக்கியமான தகவல். லண்டன் தானியக் கிடங்கில் மாற்றம் சுலபமாக நடந்ததற்கு ஒரு காரணம், பழைய செங்கல் கிடங்குகள் கிட்டத்தட்ட எதற்கும் பொருந்தும். உயரமான தளம், தூண் வரிசை, ஜன்னல் வரிசை. பிலிம் ஆலை அப்படி இல்லை. ஒரு இயந்திர ஓட்டத்தைச் சுற்றிப் போர்த்திய உறை அது. கடையோ வகுப்பறையோ ஆக்க வேண்டுமென்றால் சுவரை உடைக்க வேண்டும், உடைத்தால் எதைப் பாதுகாத்தோம் என்ற கேள்வி வரும்.

படங்களில் தெரியாத இன்னும் சில சங்கதிகள். கிங்ஸ் கிராஸுக்கு ஆறு பாதாள ரயில் பாதைகள் வருகின்றன. பக்கத்து ஸ்டேஷனில் 2007 முதல் பாரிஸ் ரயில் வந்து நிற்கிறது. கிட்டத்தட்ட மொத்த நிலமும் ஒரே கையில் இருந்தது. திட்ட அனுமதி 2006, கடைவீதி திறந்தது 2018. அதாவது அவசரப்படாத பணம். நம்மிடம் இருப்பது சில மலைப்பாதைகள், அதில் கல்லட்டி வழியாக வெளியூர் வண்டி இறங்கக் கூடாது. 2024 சீசனிலிருந்து இ-பாஸ் வேறு. 2025 சீசனில் உயர் நீதிமன்றம் வைத்த உச்சவரம்பு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. இதற்கு மேல் ஆளைக் கூட்டிவரும் எந்தத் திட்டமும் காகிதத்தில்தான் நிற்கும்.

உயரம் 7 மீட்டருக்கு மேல் கட்ட முடியாது, சரிவை வெட்டக் கலெக்டர் அனுமதி, ஜேசிபி இறக்க அனுமதி. இவை தொந்தரவுக்காக வைத்த விதிகள் இல்லை. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். நான் அப்போது காலேஜ். கேத்திப் பள்ளத்தாக்கில் பார்த்ததை இங்கே எழுத விருப்பமில்லை.

ஓட்டேரிக்கரை | சனி, மாலை 6:55

சென்னையிலிருந்து எழுதுகிறேன். கல்யாணம் ஆகி ஊட்டி மாப்பிள்ளை ஆனவன், அந்த உரிமையில் நுழைகிறேன்.

உங்களுக்கு லண்டன் வரை போக வேண்டாம். பெரம்பூர் பின்னி மில்லைப் பாருங்கள். ஓட்டேரி நல்லா என்ற கால்வாய் ஓரம். பக்கிங்காம், கர்நாடிக் என்று இரண்டு மில். 1918 ஏப்ரலில் மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்தது அந்த மில்காரர்களால்தான், இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று. திரு.வி.க. அதன் துணைத்தலைவர். 1990-களில் மில் மூடியது. அப்புறம் பல வருடம் சினிமாக்காரர்கள் சண்டைக்காட்சி எடுக்கும் இடம். பாழடைந்த கூரை, தூசி, தூண், வில்லன். இப்போது வானத்தை முட்டும் அடுக்குமாடி.

எங்கள் தாத்தா அங்கே நெசவுப் பிரிவில் இருந்தவர். போன வருடம் ஒரு சொந்தக்காரர் அந்தக் குடியிருப்பில் வீடு வாங்கினார், கிரகப்பிரவேசத்துக்குப் போனேன். பால்கனியில் நின்று "தாத்தா எங்கே நின்று வேலை செய்திருப்பார்" என்று யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை. நல்லாவில் மட்டும் அதே கறுப்புத் தண்ணீர்.

ஃபிங்கர்போஸ்ட் | சனி, இரவு 8:20

எல்லோரும் இது முடியாது அது முடியாது என்றுதான் சொல்கிறீர்கள். நஷ்டத்தில் ஓடி மூடிய கம்பெனிக்குக் கோயில் கட்டப் பார்க்கிறோமா? டிஜிட்டல் கேமரா வந்தது, பிலிம் செத்தது. உலகம் முழுக்க அப்படித்தான். அதில் நினைவுச்சின்னம் எதற்கு?

இருட்டறை | சனி, இரவு 9:47

தம்பி, வருடத்தைச் சரியாகப் பிடித்துக்கொள். நலிந்த கம்பெனி என்று எங்களை அறிவித்தது 1996-ல். அப்போது உன் டிஜிட்டல் கேமரா எங்கே இருந்தது? ஊட்டி பொட்டானிகல் கார்டனில் போட்டோகிராபர்கள் அத்தனை பேர் கழுத்திலும் பிலிம் கேமராதான் தொங்கியது. 1991-க்குப் பிறகு இறக்குமதி வரி இறங்கியது, வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்தது. அதே சமயம் பாலியெஸ்டர் எக்ஸ்ரே என்று புதுத் திட்டத்துக்குப் பெரிய கடன். கடன் வட்டி குட்டி போட்டது. டிஜிட்டல் வந்து எங்களைக் கொல்லவில்லை, புதைத்த இடத்தில் வந்து மண் போட்டது, அவ்வளவுதான். 2014-ல் விருப்ப ஓய்வுக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தபோது மிச்சமிருந்தவர்கள் சில நூறு பேர்.

கோயில் எல்லாம் வேண்டாம். நஷ்டத்தில் ஓடினார்கள் என்று ஒரே வரியில் முடிக்காதே என்றுதான் சொல்கிறேன்.

ஃபிங்கர்போஸ்ட் | சனி, இரவு 10:02

மன்னிக்கணும் ஐயா. வருடக் கணக்கு எனக்குத் தெரியாது.

கேத்தி காரட் | சனி, இரவு 10:15

இந்த இழையில முதல் தடவையா ஒருத்தர் மன்னிப்பு கேட்டிருக்காரு. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டேன்.

சுருள் | ஞாயிறு, காலை 6:30

தூக்கம் வராமல் இதை முழுக்கப் படித்தேன். எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஜன்னல் இல்லாத, இருட்டான, குளிர்ச்சியான, தூசி நுழையாதபடி கட்டிய கட்டடம். இதற்குப் பொருத்தமான சரக்கு உலகத்தில் ஒன்றே ஒன்று. பிலிம்தான்! எடுத்து முடித்த பிலிம்.

தமிழில் முதல் பேசும் படம் 1931-ல் வந்தது. அதன் பிரதி ஒன்று கூட இன்று இல்லை. அதற்கு முந்தைய மௌனப் படங்களில் பெரும்பாலானவை போய்விட்டன. சிலது தீப்பிடித்து, சிலது நொறுங்கி, சிலதை வெள்ளிக்காக உருக்கிவிட்டார்கள். 1964-ல் புனேயில் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்தது. தமிழ்நாட்டில் அந்த அளவில் எதுவும் இல்லை. எத்தனையோ நெகட்டிவ்கள் லேப்களிலும் தயாரிப்பாளர் வீட்டுப் பரணிலும் கிடந்து, டப்பாவைத் திறந்தால் வினிகர் நெடி அடிக்கிறது. அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பிலிம் கெடத் தொடங்கினால் அந்த நெடிதான் முதல் அறிகுறி. ஒரு சுருளுக்கு வந்தால் பக்கத்துச் சுருளுக்கும் பரவும்.

பிலிம் பிறந்த இடத்திலேயே பிலிமைப் பாதுகாக்கும் கிடங்கு. கூடவே ஸ்கேன் செய்யும் கூடம். ஃபிங்கர்போஸ்ட் நண்பருக்குச் சம்பளம் வேண்டுமே? ஒவ்வொரு பிரேமாகச் சுத்தம் செய்து டிஜிட்டல் ஆக்கும் வேலை இன்ஜினியரிங் முடித்தவர்களுக்கு ஏற்ற வேலைதான். பெரிய கூட்டம் வராது, வண்டி நெரிசலும் இருக்காது.

மட்டப்பலகை | ஞாயிறு, காலை 8:00

யோசனை அழகு. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுகிறேன், கோபிக்க வேண்டாம்.

பிலிமுக்குக் குளிர் மட்டும் போதாது, வறட்சியும் வேண்டும். காற்றின் ஈரப்பதம் பாதிக்குக் கீழே இருக்க வேண்டும். ஜூலையில் ஊட்டியில் துவைத்த சாக்ஸ் நான்கு நாள் காயாது. பெல்ட்டில் பூஞ்சை பூக்கிறது. பேக்டரி ஓடியபோது ஏசி இயந்திரங்கள் அந்த ஈரத்தை இரவும் பகலும் உறிஞ்சிக்கொண்டிருந்தன. அதை நிறுத்தி இத்தனை வருடம் ஆன பிறகு அந்தச் சுவர்களின் நிலைமையை யோசியுங்கள். திரும்ப ஓட்டலாம், ஆனால் கரண்ட் பில் நின்றால் மூன்றே மாதத்தில் மொத்தச் சேகரிப்பும் நாசம். இப்படிப்பட்ட இடத்துக்கு அரசு நிரந்தரமாகக் காசு ஒதுக்குமா என்பதுதான் கேள்வி, கட்டடம் இரண்டாம் பட்சம்.

இருந்தாலும் இதுவரை வந்ததில் கட்டடத்தின் குணத்தைப் புரிந்துகொண்டு சொன்ன யோசனை இது ஒன்றுதான். என் ஓட்டு இதற்கு.

பாம்பார்ச் சோலை | ஞாயிறு, காலை 11:25

கொடைக்கானலிலிருந்து. உங்கள் மலையில் எங்களுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள், ஒரு வேலை இருக்கிறது.

எங்கள் ஊரில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்து இயந்திரங்களைக் கழற்றிக் கொண்டுவந்து இங்கே பூட்டினார்கள். 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பது வெளியே வந்தது. அதே மாதம் ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். தொழிலாளர்களுடன் உடன்பாடு வர 2016 ஆனது, 591 பேர்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. கழிவு போன பிறகும் மண் அங்கேயே இருந்தது. அந்த வளாகம் நிற்கும் மேட்டின் கீழே பாம்பார்ச் சோலை. அங்கிருந்து ஓடும் தண்ணீர் கும்பக்கரை அருவி வழியாகச் சமவெளிக்கு இறங்குகிறது. மண்ணை எவ்வளவு சுத்தம் செய்ய வேண்டும் என்ற ஒரே கேள்வியில் வருடங்கள் போயின. அதிகாரிகள் ஏற்றுக்கொண்ட அளவு, ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம். பிரிட்டனில் 1 மில்லிகிராம் கேட்கிறார்கள், எங்களுக்கு மட்டும் ஏன் 20 என்று போராடியவர்கள் கேட்டார்கள். இன்னும் ஆழமாகத் தோண்டினால் மரங்கள் போகும், சரிவு அரிக்கும், சோலைக்கு அதுவே கேடு என்று மறுபக்கம் சொன்னார்கள். இரண்டு பேச்சிலும் உண்மை இருந்தது என்பதுதான் கொடுமை. மலையில் அழுக்கு விழுந்துவிட்டால் எடுத்தாலும் தப்பு, விட்டாலும் தப்பு.

உங்கள் பேக்டரி மண் கெட்டிருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிலிம் ஆலை எங்கே இருந்தாலும் வெள்ளி இருக்கும், கரைப்பான் இருக்கும். அசிடேட் தாள் வார்க்க மெத்திலீன் குளோரைடு பயன்படும். அது தண்ணீரை விடக் கனமானது, சிந்தினால் மேலே மிதக்காது, நிலத்தடி நீருக்கும் அடியில் போய் உட்காரும். வெள்ளி அயனி மீனுக்கு ஆகாது. எனவே காபிக் கடையா காப்பகமா என்று சண்டை போடும் முன்னால் மண்ணையும் ஓடைத் தண்ணீரையும் சோதித்த அறிக்கையைக் கேளுங்கள். லண்டன் காஸ் ஆலை நிலம் மட்டும் சுத்தமாகவா இருந்தது? தாரும் சயனைடும் ஊறிய மண். அதைக் கவனித்த பிறகுதான் புல் போட்டார்கள். புகைப்படத்தில் புல் மட்டும்தான் தெரியும்.

கேத்தி காரட் | ஞாயிறு, மதியம் 12:10

இப்பத்தான் பேச்சு தடத்துக்கு வந்திருக்கு. நான் முதல் நாள் சொன்னது இதுதாங்க, கொஞ்சம் நக்கலா சொல்லிட்டேன். தண்ணி போற வழியைப் பாருங்க. நாங்களும் உரம், மருந்துன்னு கொட்டுறோம், மறைக்கல. மேல இருக்கிறவன் எதைச் செஞ்சாலும் கீழ இருக்கிறவன் குடிக்கணும்.

டவுன்பஸ் 13 | ஞாயிறு, மதியம் 12:40

சும்மா கிடக்கட்டுமே விடுங்களேன். காட்டெருமை மேயுது, யாருக்கு என்ன கஷ்டம்? ரேஸ் கோர்ஸையும் 2024-ல் வாடகைப் பாக்கிக்காக அரசு எடுத்துக்கொண்டது, அங்கே பூங்கா என்கிறார்கள். ஏற்கனவே ஊருக்குள் பூங்காவுக்கா பஞ்சம்? ஒரு இடமாவது யாரும் டிக்கெட் வாங்காமல் இருக்கட்டும்.

காந்தல் அக்கா | ஞாயிறு, மதியம் 2:05

டவுன்பஸ் சொன்னதில் எனக்குப் பாதி சம்மதம். காடாகவே திரும்பட்டும் என்றால் நானும் கை தூக்குவேன். ஆனால் சும்மா விட்டால் அது சோலையாக மாறாது. உன்னிச்செடியும் சீகைமரமும்தான் ஏறும். கூரை இற்று விழுந்து, ஆஸ்பெஸ்டாஸ் உடைந்து, உள்ளே ஏதாவது டப்பா மிச்சமிருந்தால் அதுவும் மழையோடு போகும். விட்டுவிடுவதற்கும் வேலை இருக்கிறது.

ஃபிங்கர்போஸ்ட் | ஞாயிறு, மாலை 5:30

சரி, மண் சோதனை என்கிறீர்கள். யார் செய்வது? முந்நூறு இடத்தில் துளை போட்டுப் பார்ப்பார்களா? அவ்வளவு பெரிய வளாகத்தில் எங்கே என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

பாம்பார்ச் சோலை | ஞாயிறு, மாலை 5:52

அதற்கு ஒரு வழிதான். வேலை செய்தவர்களைக் கேட்பது. கண்ணை மூடிக்கொண்டு துளை போட்டால் பத்து அடி தள்ளி இருப்பது தெரியாமல் போகும். எந்த மூலையில் பீப்பாய் அடுக்கினார்கள், எந்தக் குழாய் எங்கே போனது, கழிவுநீர்த் தொட்டி முதலில் எங்கே இருந்து பிறகு எங்கே மாறியது என்பதெல்லாம் பிளானில் இருக்காது, இருந்தாலும் பிளான்படி நடந்திருக்காது. எங்கள் ஊரிலும் ஆலைக்குள் என்ன நடந்தது என்பதைத் தெளிவாகச் சொன்னது அங்கே வேலை செய்தவர்கள்தான்.

அவர்களுக்கெல்லாம் வயசாகிறது.

இந்துநகர்ப் பையன் | ஞாயிறு, இரவு 7:15

இழையைத் தொடங்கியபோது நான் மனசில் வைத்திருந்தது செங்கல் சுவர், மஞ்சள் விளக்கு, ஒரு காபிக் கடை. உண்மையைச் சொன்னால் அப்பாவை அங்கே கூட்டிப்போய் உட்காரவைத்து ஒரு படம் எடுக்க வேண்டும் என்பதுதான் முழுத் திட்டமும்.

இப்போது வேறு ஒன்று கேட்கிறேன். மாமா, உங்களுக்கு வளாகத்தின் அமைப்பு நினைவிருக்கிறதா? எந்தக் கட்டடத்தில் என்ன நடந்தது, தண்ணீர் எப்படி உள்ளே வந்து எப்படி வெளியே போனது என்று ஒரு படம் போட்டுத் தர முடியுமா? அப்பாவும் உதவுவார். அவருக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது, ஆனால் பேச்சு நன்றாக இருக்கிறது.

நெறியாளர் | ஞாயிறு, இரவு 7:40

வளாகத்துக்குள் அனுமதியின்றி நுழைய யாரும் யாரையும் தூண்ட வேண்டாம். நினைவிலிருந்து வரைவதில் தடையில்லை. தனிநபர் பெயர், போன் நம்பர் எதையும் இழையில் போடாதீர்கள். மற்றபடி தொடரலாம்.

இருட்டறை | ஞாயிறு, இரவு 9:20

நினைவிருக்கிறதாவா? இருட்டில் வேலை செய்தவனிடம் கேட்கிற கேள்வியா இது. வெளிச்சத்தில் பார்த்தவன் மறந்துவிடுவான். நான் அந்த இடத்தைப் பார்த்ததை விடத் தொட்டதுதான் அதிகம். கதவிலிருந்து பூச்சு இயந்திரம் வரை எத்தனை எட்டு, எங்கே சுவர் திரும்பும், எங்கே தரை கொஞ்சம் இறங்கும், எல்லாம் காலில் இருக்கிறது. என் பிரிவு மட்டும்தான் எனக்குத் தெரியும். தாள் வார்த்த பக்கம் வேலை பார்த்தவர் ஒருவர் மஞ்சனக்கொரையில் இருக்கிறார். தண்ணீர், குழாய் பார்த்தவர் மேட்டுப்பாளையம் இறங்கிவிட்டார், குளிர் ஆகவில்லை. இரண்டு பேரிடமும் பேசிப் பார்க்கிறேன்.

இருட்டறை | செவ்வாய், மாலை 4:35

மஞ்சனக்கொரைக்காரர் வந்தார். காலையில் உட்கார்ந்தோம், சாப்பாட்டுக்குத்தான் எழுந்தோம். காலண்டர் தாளின் பின்பக்கம் நாலு தாளை ஒட்டி வரைந்திருக்கிறோம். அவருக்கும் எனக்கும் ஒரு குழாய் விஷயத்தில் ஒத்துவரவில்லை. மேட்டுப்பாளையத்துக்குப் போன் போட்டோம், அவர் மூன்றாவதாக ஒன்று சொல்கிறார். மூன்றையும் வேறு வேறு மையில் போட்டிருக்கிறேன்.

போனில் படம் எடுத்தால் ஓரம் மங்கலாக விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை மேலே வந்தால் ஸ்கேன் எடுத்துக்கொள். அப்பாவையும் கூட்டி வா, அவர் பிரிவுக்கு இடம் காலியாக விட்டிருக்கிறது.

மட்டப்பலகை | செவ்வாய், மாலை 4:50

ஐயா, படத்தில் வடக்கு எந்தப் பக்கம் என்று ஒரு அம்புக்குறி மட்டும் போட்டுவிடுங்கள்.

இருட்டறை | செவ்வாய், மாலை 5:20

வடக்கு தெரியாதம்மா. கேட் எந்தப் பக்கம், கேண்டீன் எந்தப் பக்கம் என்று போட்டிருக்கிறேன்.